காதில் மாட்டிய ஹெட்போனை அவர்கள் ஏன் கழற்றினார்கள்?

கேள்வி: ஐந்து ஆண்டுகளாக நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும் விழாக்களையும் கூட்டங்களையும் ஏற்பாடு செய்து தருகிறேன். வாடிக்கையாளர்கள் எல்லாரும் ‘இதுவரை யாரும் செய்யாததாக ஏதாவது வேண்டும்’ என்கிறார்கள். அதனால் உலகின் பல பகுதிகளில் நடக்கும் வித்தியாசமான நிகழ்ச்சிகளின் படங்களைச் சேர்த்து வைத்து, அவற்றில் ஒன்றை எடுத்துச் செய்து பார்ப்பது என் வழக்கம். அண்மையில் ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழாவில் ஆளுக்கொரு ஹெட்போன் கொடுத்து ஆடவைக்கும் ‘சைலண்ட் டிஸ்கோ’வை வைத்தேன். அரை மணி நேரத்துக்குள் பாதிப் பேர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் பேசத் தொடங்கிவிட்டார்கள். வாடிக்கையாளருக்கு மனநிறைவு இல்லை. இன்னும் மூன்று மாதத்தில், ஒன்றாக இணைந்த இரண்டு நிறுவனங்களின் ஊழியர்கள் 200 பேர் முதன்முறையாகச் சந்திக்கும் கூட்டத்தைப் பொறுப்பேற்றிருக்கிறேன். உலகப் போக்குகளில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கடைசியில் நீங்கள் கேட்டிருக்கும் கேள்வியைவிட, ஹெட்போனைக் கழற்றியவர்கள் ‘பேசத் தொடங்கிவிட்டார்கள்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கும் வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அவர்கள் சலித்துப்போய் வீட்டுக்குக் கிளம்பவில்லை. தங்களுக்கு எது வேண்டும் என்பதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

ஹெட்போன் ஆட்டம் எந்தச் சூழ்நிலையில் பயன்பட்டது என்று பாருங்கள். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழாவில் 2005ஆம் ஆண்டு அதை வைத்தபோது, இரவு வெகுநேரம் கழித்து ஒலிபெருக்கிச் சத்தம் சுற்றுப்புறத்தாரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற கட்டுப்பாடு ஏற்பாட்டாளர்களுக்கு இருந்தது. இசை கேட்கவும் ஆடவும் என்றே வந்திருந்த கூட்டம் அது; ஆட்டத்தை நிறுத்த யாருக்கும் மனமில்லை; சத்தம் ஒன்றுதான் தடை. அந்தத் தடையை ஹெட்போன் நீக்கியது. பின்னர் இரண்டு மூன்று அலைவரிசைகளில் வேறு வேறு டிஜேக்கள் வாசிக்க, எந்த அலைவரிசையைக் கேட்கிறோமோ அதற்கேற்ற நிறத்தில் ஹெட்போனின் விளக்கு எரியும் வசதியும் வந்தது. நம்முடைய நிறத்திலேயே எரியும் ஹெட்போனை எதிரில் ஒருவர் மாட்டியிருந்தால், அவரும் இதே பாட்டுக்குத்தான் ஆடுகிறார் என்று தெரிந்து, முன்பின் அறியாத இருவர் ஒரே வரியைச் சேர்ந்து பாடுவதைப் பார்க்க உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் உங்கள் விழாவுக்கு வந்தவர்களுக்குச் சத்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. ஆண்டு முழுவதும் வேறு வேறு தளங்களில் வேலை செய்துவிட்டு, ஒரு நாள் ஒரே மண்டபத்தில் கூடிய அவர்களுடைய தேவை பேச்சாக இருந்தது. அவர்கள் காதை அடைக்கும் கருவியை நாம் கையில் கொடுத்தோம்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்து நான் கற்றதை ஒரே வரியில் சொல்ல வேண்டுமானால் இதுதான்: வெளியூர் நிகழ்ச்சி ஒன்றின் வடிவத்தை எடுப்பதற்கு முன், அது எந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காகப் பிறந்தது என்று தேடிப் படியுங்கள். அதே சிக்கல் உங்கள் கூட்டத்திலும் இருக்குமானால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் படம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். விசித்திரமாகத் தெரியும் நிகழ்ச்சிகளில் பல, விசித்திரமாக இருக்க வேண்டும் என்று தொடங்கப்பட்டவை அல்ல.

நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் படங்களில் பாரிஸின் வெண்ணிற விருந்து கட்டாயம் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆயிரக்கணக்கானவர்கள் தலை முதல் கால் வரை வெள்ளை உடுத்தி, நீண்ட வரிசையாகப் போட்ட மேசைகளில் உட்கார்ந்து உண்ணும் ‘டினே ஆன் பிளாங்க்’ 1988இல் தொடங்கியது. வெளிநாட்டில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பிய பிரான்சுவா பாஸ்கியே என்பவர் நண்பர்களை விருந்துக்கு அழைக்க விரும்பினார். அழைக்க வேண்டியவர்கள் நிறையப் பேர் இருந்ததால் ‘புவா த பூலோன்’ என்ற பெரிய பூங்காவில் கூடலாம் என்று முடிவு செய்தார். அவ்வளவு பெரிய இடத்தில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வதற்காக எல்லாரும் வெள்ளையில் வரும்படி சொன்னார். இன்று அழகுக்காகவே உலகம் முழுவதும் நகல் எடுக்கப்படும் அந்த நிறம், கூட்டத்தில் நம் ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கான அடையாளமாகத்தான் முதலில் இருந்தது. விருந்தினர்கள் மேசையையும் நாற்காலியையும் உணவையும் தாங்களே சுமந்து வந்து, முடிந்ததும் குப்பை உட்பட அனைத்தையும் தாங்களே எடுத்துச் செல்வார்கள். எல்லாரும் உட்கார்ந்ததும் துணிக் கைக்குட்டையைத் தலைக்கு மேலே சுழற்றுவதுதான் விருந்து தொடங்கியதற்கான அறிவிப்பு. மைக்கும் இல்லை, தொகுப்பாளரும் இல்லை. நான் அதிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்வது வெள்ளை நிறத்தை அன்று. விருந்தினரிடம் ஒரு வேலையைக் கொடுக்கும் துணிச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். தன் மேசையைத் தானே விரித்தவர் பக்கத்து மேசைக்காரருக்கு ஒரு கை கொடுக்காமல் இருக்க மாட்டார், அந்த உதவியில் தொடங்கும் பேச்சை எந்தத் தொகுப்பாளராலும் தொடங்கிவைக்க முடியாது.

அந்த விருந்தில் இன்னொரு பழக்கம் உண்டு: இடம் கடைசி நேரம் வரை சொல்லப்படுவதில்லை. இந்த ஓர் அம்சத்தை மட்டும் பிய்த்தெடுத்து நான் ஒருமுறை செய்த தவறை உங்களிடம் சொல்லியாக வேண்டும். ஒரு நிறுவனத்தின் மாலைக் கூட்டத்துக்கு இடத்தை மறைத்து வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு முன்புதான் செய்தி அனுப்பினோம். பழைய கிடங்கு ஒன்றின் மேல்மாடி. உள்ளே விளக்கு அலங்காரம் மிக அழகாக அமைந்திருந்தது. நான் மேலே மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், சக்கர நாற்காலியில் வந்த ஓர் ஊழியர் கீழே பதினான்கு படிகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். லிஃப்ட் இல்லை. முன்கூட்டியே தெரிந்திருந்தால் கேட்டிருப்பார், நானும் வேறு வழி செய்திருப்பேன். கடைசியில் உடன் வேலை செய்பவர்கள் நான்கு பேர் நாற்காலியோடு அவரைத் தூக்கி வந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றியிருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்ததை நான் பார்த்தேன். அந்த மாலையில் மற்ற எல்லாருக்கும் நான் கொடுத்த வியப்பு அவருக்கு அவமானமாகப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து இடத்தின் பெயரை மறைத்தாலும் சிலவற்றை மறைப்பதே இல்லை: படிகள் உண்டா, கழிப்பறை எங்கே, திறந்தவெளியா, எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம். இவை அழைப்பிதழிலேயே இருக்கும். இவற்றைச் சொன்னதால் சுவை கெட்டுப்போன கூட்டம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

அடுத்து, எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. தென்கொரியத் தலைநகர் சோலில் 2014ஆம் ஆண்டு ஒரு பெண் கலைஞர் சும்மா இருக்கும் போட்டி ஒன்றை நடத்தினார். வூப்ஸ்யாங் என்பது அவர் வைத்துக்கொண்டிருக்கும் பெயர். ஓயாத வேலையில் சோர்ந்துபோனபோது அவருக்குத் தோன்றிய எண்ணம் அது. போட்டியாளர்கள் தரையில் விரித்த பாய்களில் 90 நிமிடம் எதுவும் செய்யாமல் உட்கார வேண்டும். கைப்பேசி கூடாது, பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, தூங்கவும் கூடாது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை அவர்களுடைய இதயத் துடிப்பை அளப்பார்கள். தண்ணீர் வேண்டுமானாலும் தோள் பிடித்துவிட வேண்டுமானாலும் வாய் திறக்காமல் அதற்கென்று கொடுத்த நிற அட்டையை உயர்த்தினால் போதும், உதவியாளர் வருவார். பார்வையாளர்கள் தங்களைக் கவர்ந்த போட்டியாளருக்கு வாக்களிப்பார்கள். அதிக வாக்குப் பெற்ற பத்துப் பேரில் யாருடைய இதயத் துடிப்பு அதிகம் ஏறி இறங்காமல் இருந்ததோ அவருக்குத்தான் பரிசு. முதல் போட்டியில் வென்றது 9 வயதுச் சிறுமி.

ஓர் ஏற்பாட்டாளராக இதைப் படிக்கும்போது எத்தனை நுணுக்கங்கள் இருக்கின்றன என்று கவனியுங்கள். ‘ஓய்வெடுங்கள்’ என்று சொன்னால் யாரும் ஓய்வெடுக்க மாட்டார்கள், அதைப் போட்டியாக்கினால் முழு மனத்தோடு ஓய்வெடுப்பார்கள். நகரின் பரபரப்பான திறந்தவெளியில் நடத்தியதால், உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அவர்களைக் கடந்து ஓடுபவர்களுக்கும் இடையிலான வேறுபாடே காட்சியாகிவிட்டது. அட்டை முறை இருந்ததால் விதியை மீறாமலேயே தேவையைச் சொல்ல முடிந்தது. செலவு என்று பார்த்தால் பாய், அட்டை, இதயத் துடிப்பு அளக்கும் கருவி, நான்கைந்து உதவியாளர்கள், அவ்வளவுதான். இரண்டு நாள் கருத்தரங்கின் இரண்டாம் நாள் மதியத்தில், கேட்டுக் கேட்டுக் களைத்தவர்களுக்கு இதில் 20 நிமிட வடிவம் ஒன்றை நான் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு நடந்த அமர்வில் கேள்விகள் கூர்மையாக வந்தன. உங்கள் 200 பேர் கூட்டத்துக்கு மட்டும் இது வேண்டாம். அறிமுகமே இல்லாதவர்களை முதல் நாளே மௌனத்தில் உட்கார வைப்பது, ஹெட்போனில் நடந்த பிழையை மறுபடியும் செய்வதாகிவிடும்.

மேடைப் பேச்சு நீண்டுகொண்டே போகும் சிக்கல் உங்களுக்கு உண்டென்றால், தோக்கியோவில் 2003ஆம் ஆண்டு தொடங்கிய ‘பெச்சா குச்சா’வைப் பாருங்கள். ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு அரட்டை என்று பொருள். கட்டடக் கலைஞர்களான ஆஸ்ட்ரிட் கிளைனும் மார்க் டைத்தமும் இதைத் தொடங்கினார்கள். தம் வேலையைப் பற்றிப் பேச மைக் கிடைத்தால் தம் துறையினர் விடவே மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆளுக்கு 20 ஸ்லைடு, ஒவ்வொன்றுக்கும் 20 வினாடி, மொத்தம் 6 நிமிடம் 40 வினாடி. ஸ்லைடு தானாக நகர்ந்துவிடும்; பேசுபவர் கையில் ரிமோட் கிடையாது. முழுப் பயனும் இந்தக் கடைசி விதியில்தான் இருக்கிறது. மேலதிகாரி ஒருவரின் பேச்சை நிறுத்தும் சங்கடம் எந்த மனிதருக்கும் இல்லாமல், கடிகாரமே அதைச் செய்துவிடுகிறது. ஆனால் ஒத்திகை இல்லாமல் இதை மேடையேற்றாதீர்கள். பழகாதவருக்கு ஆறாவது ஸ்லைடிலேயே பேச்சு பின்தங்கிவிடும். பிறகு அவர் கதை சொல்வதை விட்டுவிட்டுத் திரையைத் துரத்திக்கொண்டு ஓடுவார். ஒவ்வொருவரையும் குறைந்தது இரண்டு முறை கடிகாரத்தோடு பேச வைத்துப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனவர் ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர். ஓர் ஆண்டு முழுவதும் உழைத்து ஒரு மாநாட்டை நடத்தி முடித்தபோது, அதில் மிகவும் பயனுள்ளதாக இருந்தது காப்பி இடைவேளைதான் என்று வந்தவர்களும் அவரும் ஒப்புக்கொண்டார்கள். நம்மில் பலர் அதைக் கேட்டு மனம் வருந்தி அடுத்த வேலைக்குப் போயிருப்போம். அவரோ, காப்பி இடைவேளையின் தன்மையை மாநாடு முழுவதற்கும் கொண்டுவர முடியுமா என்று யோசித்து, 1985இல் ‘ஓபன் ஸ்பேஸ்’ என்ற முறையை நடத்திக் காட்டினார். வட்டமாக நாற்காலிகள், வெறுமையான ஒரு சுவர். பேச விரும்பும் பொருளை யார் வேண்டுமானாலும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி நேரமும் இடமும் குறிப்பார்கள். நிகழ்ச்சி நிரல் அந்தச் சுவரிலேயே உருவாகும். கற்பதற்கும் சொல்வதற்கும் ஒன்றும் இல்லையென்று தோன்றினால் எழுந்து வேறு குழுவுக்குப் போய்விடலாம். அதற்கு ‘இரண்டு கால்களின் விதி’ என்று பெயர். முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டுக் கருத்துக் கேட்பதாகக் காட்டிக்கொள்ள விரும்பும் வாடிக்கையாளருக்கு இந்த முறையை ஒருபோதும் வைத்துக் கொடுக்காதீர்கள். சுவரில் ஊழியர் ஒட்டிய தாள் மறுநாள் குப்பைத் தொட்டிக்குப் போனால், அவர் இனி எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்க மாட்டார்.

பெருங்கூட்டத் திருவிழாக்களைப் பற்றியும் ஒன்றிரண்டு சொல்ல வேண்டும், ஏனென்றால் படங்களில் மிகவும் மயக்குபவை அவைதான். ஸ்பெயினின் புன்யோல் ஊரில் ஆகஸ்ட் மாதக் கடைசிப் புதன்கிழமை நடக்கும் தக்காளி வீச்சில் தெருவே சிவப்பாக இருக்கும். அந்தப் படத்தில் தெரியாத விதிகளைப் பாருங்கள்: வீசுவதற்கு முன் தக்காளியைக் கையால் நசுக்க வேண்டும், இரண்டாவது வெடிச் சத்தம் கேட்டதும் ஒருவரும் வீசக்கூடாது, முழு ஆட்டமும் ஒரு மணி நேரம்தான். பத்தாயிரம் பேர்கூட வசிக்காத அந்த ஊரில் கூட்டம் 40,000த்தைத் தாண்டிப் பெருகியதால், 2013 முதல் கட்டணச் சீட்டு வைத்து 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை. நூறு பேருக்கு ஒரு நிகழ்ச்சி வைப்பவரும் இதே கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: எத்தனை பேர் வரை தாங்கும், எந்த ஒலியோடு முடியும், யார் கழுவிவிடுவார்கள்?

விளைவை எண்ணிப் பார்க்காமல் கண்கவர் காட்சி ஒன்றை நடத்தியதற்கு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரம் ஓர் எடுத்துக்காட்டு. 1986 செப்டம்பர் 27 அன்று, ஓர் அறப்பணிக்கு நிதி திரட்டவும் உலக சாதனை படைக்கவும், ஏறத்தாழ 15 லட்சம் பலூன்களை ஒரே நேரத்தில் பறக்க விட்டார்கள். மழையும் காற்றும் சேர்ந்து அவற்றைக் கீழே இறக்கின. சாலைகளிலும் ஏரியிலும் பலூன்கள் நிறைந்தன. அதே வேளையில் ஈரி ஏரியில் காணாமற்போன இரண்டு மீனவர்களைத் தேடிக்கொண்டிருந்த மீட்புப் படையினருக்கு, நீர்ப்பரப்பு முழுவதும் மிதந்த பலூன்களுக்கு இடையே மனிதத் தலையைக் கண்டறிவது இயலாத காரியமாயிற்று. பின்னர் அந்த மீனவர்களின் உடல்கள்தான் கிடைத்தன. பலூன் பறக்கவிட வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் நான் இதைத்தான் சொல்வேன். மேலே போகும் பொருள் எங்கே இறங்கும் என்று தெரியாத எதற்கும் நான் கையெழுத்திடுவதில்லை. இதில் நீங்களும் உறுதியாக இருக்க வேண்டுகிறேன்.

வேலைக்குப் போகும் முன் விடியற்காலையில், மதுவே இல்லாமல் ஆடும் கூட்டங்கள் 2013 முதல் லண்டனிலும் நியூயார்க்கிலும் பரவியிருக்கின்றன. இரவு நெடுநேரம் தங்க முடியாத ஊழியர்கள் அதிகம் உள்ள இடத்துக்கு அது பொருந்தும். தென்கொரியாவின் போரியோங் சேற்றுத் திருவிழா, அந்த ஊர்ச் சேற்றிலிருந்து செய்த அழகுப் பொருள்களை விளம்பரப்படுத்த 1998இல் தொடங்கப்பட்டது. சொந்தமாக ஒரு பொருளை விற்கும் நிறுவனம் அதைப் பற்றிச் சொற்பொழிவு நடத்துவதைவிட, வருபவர்கள் கையால் தொட்டு விளையாடும்படி எப்படி வைக்கலாம் என்பதற்கு அது நல்ல பாடம். சிக்கனமும் சுற்றுச்சூழலும் பேசும் வாடிக்கையாளர்களுக்கு, 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினே போஸ்ட்மா தொடங்கிய ‘ரிப்பேர் கஃபே’யைப் பரிந்துரைப்பேன். பழுதான பொருளைக் கொடுத்துவிட்டுப் போய்விட முடியாது. பழுது பார்க்கும் தன்னார்வலரின் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பார்க்க வேண்டும். நின்றுபோன மிக்சியின் மூடியை இருவர் சேர்ந்து கழற்றும் அரை மணி நேரத்தில் எவ்வளவு பேச்சு நடக்கிறது என்பதை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

இப்போது உங்கள் 200 பேருக்கு வருகிறேன். அவர்கள் இரண்டு நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் இணைந்ததற்குக் காரணம் அவர்கள் எடுத்த முடிவும் அல்ல. அந்தப் பக்கத்தார் எப்படிப்பட்டவர்கள், நம் வேலை நிலைக்குமா, நம் பழக்கங்களை மாற்றிவிடுவார்களா என்ற ஐயம் இரு பக்கமும் இருக்கும். இதே சிக்கலை, அதாவது ஒருவரையொருவர் அறியாமலேயே முடிவு கட்டிவிடும் மனநிலையை, எதிர்கொள்ளப் பிறந்த நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது. டென்மார்க்கின் ரோஸ்கில்டே இசை விழாவில் 2000ஆம் ஆண்டு, ரோனி அபெர்கெலும் அவருடைய தோழர்களும் ‘மனித நூலகம்’ ஒன்றை நடத்தினார்கள். நான்கு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம், 50க்கும் மேற்பட்ட ‘புத்தகங்கள்’. புத்தகம் என்பது ஒரு மனிதர். சமூகம் எந்தப் பெயரைச் சொல்லி அவரை ஒதுக்குகிறதோ அதுவே புத்தகத்தின் தலைப்பு. வாசகர் தலைப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அந்த மனிதரைச் சிறிது நேரத்துக்கு ‘இரவல்’ பெற்று, எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். வேறெங்கும் கேட்கத் தயங்கும் கேள்வியை அங்கே கேட்கலாம். விரும்பாத கேள்விக்கு விடை சொல்லாமல் இருக்கப் புத்தகத்துக்கும் உரிமை உண்டு. ரோஸ்கில்டேயில் காவலரும் புத்தகம், தெருச் சுவரில் படம் வரைபவரும் புத்தகம். வாசகர் இல்லாத நேரத்தில் புத்தகங்கள் ஒன்றையொன்று வாசித்துக்கொண்டன.

இதை அப்படியே எடுத்து, ஊழியர்களின் மிகவும் அந்தரங்கமான துன்பங்களை அலுவலகக் கூட்டத்தில் தலைப்பாக்கிவிடாதீர்கள். நாளை காலை அதே மேசைகளில் அவர்கள் முகம் பார்க்க வேண்டியவர்கள். உங்களுக்குத் தேவையானது அதன் எலும்புக்கூடு: ஒருவர், அவர் எதிரே மூன்று நான்கு பேர், குறிப்பிட்ட நேரம், மறுக்கும் உரிமை. தலைப்புகள் வேலையைச் சார்ந்தவையாக இருக்கட்டும். ‘ஒன்பது ஆண்டுகளாக இரவுப் பணி பார்ப்பவர்’, ‘வாடிக்கையாளரின் கோபத்தை முதலில் கேட்பவர்’, ‘நிறுவனம் தொடங்கிய முதல் மாதத்தில் சேர்ந்தவர்’, ‘போன வாரம் சேர்ந்தவர்’ என்று எழுதினால் போதும். எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதைத் தலைப்பில் எழுதாதீர்கள். உட்கார்ந்த பிறகு அது தானே தெரியட்டும்.

கணக்கும் எளிதாக அமைகிறது. 18 பேர் புத்தகமாக இருந்தால் மீதி 182 பேர் வாசகர்கள். ஒரு புத்தகத்துக்கு நான்கு பேர் என்றால் ஒரு சுற்றில் 72 இடம், மூன்று சுற்றில் 216 இடம். எல்லாருக்கும் ஒருமுறையாவது இடம் உறுதி, சிலருக்கு இரண்டாவது வாய்ப்பும் உண்டு. சுற்றுக்கு 20 நிமிடம், நடுவில் பத்துப் பத்து நிமிட இடைவெளி, மொத்தம் 80 நிமிடம். அந்தச் சுற்றில் இடம் கிடைக்காதவர்கள் சும்மா நிற்காமல் இருக்க, இரண்டு நிறுவனங்களின் பழைய படங்களை ஒரு நீண்ட மேசையில் கலந்து பரப்பி வைத்து, படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டு என்று பின்பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அதுவும் இரு பக்கத்தாரும் சேர்ந்து குனிந்து பார்க்க வேண்டிய வேலைதான். பதிவு மேசையில் இருப்பவர் புத்தகங்களை அறிந்தவராக இருக்க வேண்டும். தயங்கி நிற்பவரிடம் ‘உங்களுக்கு இவரைப் பிடிக்கும்’ என்று சொல்லி அனுப்பி வைப்பதுதான் அவருடைய பணி. உட்கார விரும்பாதவர் ஒதுங்கி நின்று பார்க்கலாம் என்பதையும் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள்.

ஒரு சட்டக் குறிப்பும் உண்டு. மனித நூலகம், பெச்சா குச்சா, வெண்ணிற விருந்து ஆகியவற்றின் ஆங்கில, பிரெஞ்சுப் பெயர்கள் வணிகக் குறிகளாகக் காக்கப்படுபவை. அந்தப் பெயரில் நடத்த விரும்பினால் உரியவர்களிடம் எழுதி அனுமதி பெறுங்கள். இல்லையென்றால் உங்கள் சொந்தப் பெயரை வைத்து, எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை மேடையில் நன்றியோடு சொல்லிவிடுங்கள்.

வாடிக்கையாளரிடம் படத்தைக் காட்டி இதற்கு ஒப்புதல் வாங்க முடியாது, ஏனென்றால் படத்தில் சிலர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது மட்டும்தான் தெரியும். ஆகவே அடுத்த சந்திப்புக்கு ஒரு புத்தகத்தையே அழைத்துச் செல்லுங்கள். நிறுவனத்தின் நீண்ட நாள் ஊழியர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி, மேலாளர்கள் நான்கு பேரை அவர் எதிரே உட்கார வைத்து 20 நிமிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் அறைக்கு வெளியே நில்லுங்கள். நேரம் முடிந்தது என்று கதவைத் தட்டும்போது, இன்னும் ஐந்து நிமிடம் வேண்டும் என்று உள்ளிருந்து குரல் வந்தால் ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி வராவிட்டால் தலைப்பை மாற்றி இன்னொருவரோடு மறுபடியும் முயலுங்கள். அதற்கு உங்களுக்கு மூன்று மாதம் இருக்கிறது.

ஹெட்போன்களைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். இரவு உணவுக்குப் பிறகு, மண்டபத்தின் ஓர் ஓரத்தில், விரும்புகிறவர்களுக்கு மட்டும் முப்பது நாற்பது வைத்திருங்கள். அதற்குள் ஆடுவதற்குத் துணை கிடைத்திருக்கும். அதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, 18 வட்டங்களையும் அந்த மண்டபத்தில் நாற்காலி போட்டு அமைத்து, எல்லா வட்டங்களிலும் ஒரே நேரத்தில் ஆட்களைப் பேச வைத்து, நடுவில் உள்ள வட்டத்தில் நீங்களே போய் உட்கார்ந்து, எதிரே இருப்பவர் தாழ்ந்த குரலில் சொல்வது காதில் விழுகிறதா என்று பார்ப்பது.